உயிர்ப் பொறுப்பை ஏற்கும் மென்பொருள்

வேலூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் என் பெரியம்மா படுத்திருந்த நாட்களில், கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக சிரிஞ்சில் உள்ள மருந்தைச் சிறிது சிறிதாக உடம்பில் செலுத்தும் மூன்று சிரிஞ்ச் பம்புகள் மாட்டப்பட்டிருந்தன. இரவுப் பணிக்கு வந்த செவிலியர், நடுவில் இருந்த பம்பில் புது சிரிஞ்சைப் பொருத்தி, மணிக்கு 2.5 மில்லி என்று அழுத்திவிட்டு, திரையில் தெரிந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். பணி முடிந்து கிளம்பவிருந்த செவிலியர் கேஸ் ஷீட்டைப் பார்த்து, "ரெண்டு பாயிண்ட் அஞ்சு, சரிங்க சிஸ்டர்" என்று சொன்ன பிறகுதான் ஸ்டார்ட் பொத்தானைத் தொட்டார். அந்தப் புள்ளி விழாமல் போயிருந்தால் எண் 25 ஆகியிருக்கும். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து பத்து மடங்கு வேகத்தில் உடம்பில் ஏறியிருக்கும்.

இந்த வகைப் பம்புகள் எங்கோ அபூர்வமாகத் தவறுகின்றன என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு 2005 முதல் 2009 வரையிலான ஐந்தாண்டுகளில் மருந்தேற்றும் பம்புகள் தொடர்பாக ஏறத்தாழ 56,000 புகார் அறிக்கைகள் வந்தன. அவற்றில் அடிக்கடி தென்பட்ட குறைகளுள் ஒன்று, ஒரு முறை அழுத்திய விசையை மென்பொருள் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொண்டது. நம் வீட்டு டிவி ரிமோட்டில் இதே குறை இருந்தால் சேனல் 5-க்குப் பதில் 55 வரும், அலுத்துக்கொண்டு மாற்றிக்கொள்வோம். பிழை ஒன்றுதான்; எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது. ஆகவே உயிர்ப் பொறுப்புள்ள மென்பொருளை வடிவமைப்பவர், நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன், எது நடக்கவே கூடாது என்பதை முடிவு செய்தாக வேண்டும். பம்புக்கு அந்தப் பட்டியல் நீளமானதன்று: குறித்த அளவுக்கு மேல் மருந்து போகக் கூடாது, குழாயில் காற்று போகக் கூடாது, சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. திரை வண்ணம், நினைவகத்தில் சேமித்த பழைய பதிவுகள், கணினி வலையோடு இணைப்பு போன்ற மற்ற வசதிகளெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

பட்டியல் போட்டபின், அதை நிறைவேற்றியதாக எப்படித் தெரிந்துகொள்வது? "பல மாதம் ஓட்டிப் பார்த்தோம், ஒரு கோளாறும் இல்லை" என்பதுதான் வழக்கமான பதில். இந்தப் பதிலின் பலம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. விமானத்தில் எல்லோரையும் பலிகொள்ளக்கூடிய ஒரு கோளாறு, பறக்கும் 100 கோடி மணி நேரத்துக்கு ஒரு முறைகூட நேராத அளவுக்கு அரிதாக இருக்க வேண்டும் என்பது விமானத் துறையின் அளவுகோல். 100 கோடி மணி நேரம் என்பது சுமார் 1,14,000 ஆண்டுகள். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடியது 1856 ஜூலை 1 அன்று. அன்று கிளம்பிய ஒரு கருவி இன்றுவரை ஒரு நொடியும் நிற்காமல் பிழையின்றி ஓடியிருந்தால்கூட, கையில் இருக்கும் சான்று சுமார் 15 லட்சம் மணி நேரம்தான். இன்னும் அறுநூறு மடங்குக்கு மேல் வேண்டும். 1993-ல் ரிக்கி பட்லர், ஜார்ஜ் ஃபினெல்லி என்ற இரண்டு நாசா ஆய்வாளர்கள், ஓட்டிப் பார்த்து மட்டும் இந்த அளவு நம்பிக்கையை எட்டவே முடியாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சோதனை வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. சோதனையில் தேறியது என்ற ஒரே காரணத்தை வைத்து மனிதரை அதன்கீழ் படுக்கவைக்கக் கூடாது என்பதுதான் பொருள்.

படுக்கவைத்தார்கள். கனடாவின் அரசு நிறுவனம் ஒன்று தயாரித்த தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவியின் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் முதல் பாடமாகச் சொல்லப்படுவது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் கதிர்வீச்சு சிகிச்சைக்காக ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கும் ஊரில் வாழ்கிற நாம் அதைச் சற்று விரிவாகவே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கருவி இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று, மெல்லிய எலெக்ட்ரான் கற்றையை நேரடியாக உடலில் செலுத்துவது. மற்றொன்று, அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வலுவான கற்றையை ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு, அதிலிருந்து வரும் எக்ஸ் கதிரைப் பரப்பிச் செலுத்துவது. வலுவான கற்றை புறப்படும்போது தகடு நடுவில் இருந்தே ஆக வேண்டும். முந்தைய மாடலான தெராக்-20-ல் தகடு இல்லாவிட்டால் மின்சாரத்தையே துண்டிக்கும் தனிப் பூட்டுகள் வன்பொருளில் இருந்தன. புது மாடலில், கணினி பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள்.

1986 மார்ச் மாதம், டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், கருவியை இயக்கிய பெண் பழக்கத்தில் எக்ஸ் கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டு, உடனே கர்சரை மேலே கொண்டுபோய் எலெக்ட்ரானுக்கான எழுத்தாகத் திருத்தினார். திரையில் திருத்தம் தெரிந்தது. ஆனால் கருவிக்குள் காந்தங்கள் முதல் கட்டளைக்கு ஏற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ள எடுத்துக்கொண்ட சுமார் 8 நொடிகளுக்குள் அந்தத் திருத்தம் முடிந்துவிட்டதால், மென்பொருளின் ஒரு பகுதி அதைக் கவனிக்கவே இல்லை. ஒரு பகுதி எக்ஸ் கதிர் என்றும் மற்றொரு பகுதி எலெக்ட்ரான் என்றும் நம்பிக்கொண்டிருந்தன; தகடு இல்லாமல் வலுவான கற்றை புறப்பட்டது. திரையில் "கோளாறு 54" என்று வந்தது, அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்பதைக் கையேடு விளக்கவில்லை. இதுபோன்ற செய்திகள் தினமும் பலமுறை வந்துபோகிறவை என்பதால் இயக்குபவர் 'தொடர்' விசையை அழுத்த, இரண்டாம் முறையும் கற்றை பாய்ந்தது. 1985 முதல் 1987 வரை வெவ்வேறு ஊர்களில் ஆறு பேர் இவ்வாறு அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தனர்.

எட்டு நொடிக்குள் திருத்துவது புதியவர்களால் முடியாது என்பதுதான் இதில் கசப்பான பகுதி. கை பழகப் பழகத்தான் அந்தப் பிழை வெளியே வந்தது. கருவி வந்த புதிதில் ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் சிக்கியிருக்காது. டைலர் மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், இயக்குபவரோடு உட்கார்ந்து அதே வேகத்தில் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துத்தான் அதை வரவழைத்தார்.

பிறகு அமெரிக்காவின் யாகிமா என்ற ஊரில் நடந்தது வேறொரு பிழை. ஒரு சரிபார்ப்பு தேவையா என்பதைக் குறிக்கும் மாறியை (நிரலில் ஓர் எண்ணை வைத்திருக்கும் இடத்தை) பூச்சியம் அல்லாத ஏதோ ஓர் எண்ணாக வைத்தால் போதும் என்ற நிலையில், அதை எழுதியவர் ஒவ்வொரு சுற்றிலும் அதோடு ஒன்றைக் கூட்டும்படி எழுதியிருந்தார். அது 255 வரை மட்டுமே கொள்ளும் ஒரு பைட். 256-ஆம் கூட்டலில் மறுபடி பூச்சியமாகிவிடும், அந்த ஒரு சுற்றில் மட்டும் சரிபார்ப்பு நடக்காது. சரியாக அந்தக் கணத்தில் விசை அழுத்தப்பட்டது. இதே மென்பொருள் பிழைகளில் ஒன்று பழைய தெராக்-20-லும் இருந்தது பின்னர் தெரியவந்தது. அங்கே ஃபியூஸ் போனதே தவிர ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிக அதிர்ச்சியாகப் படுவது பிழைகள் அல்ல, பிழை எழுதாத நிரலர் எவரும் கிடையாது. முதல் விபத்துகளில் ஒன்றுக்குப் பின், காரணம் ஒரு சிறிய சுவிட்ச் என்று ஊகித்த நிறுவனம், அதை மாற்றிவிட்டு, கருவியின் பாதுகாப்பு ஒரு லட்சம் மடங்கு உயர்ந்துவிட்டதாக எழுத்துமூலம் அறிவித்தது. உண்மைக் காரணம் தெரியாத நிலையில் அவ்வளவு துல்லியமாக ஓர் எண்! கருவி வெளிவருவதற்கு முன் நடந்த ஆபத்து ஆய்விலும் மென்பொருளை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதிலிருந்து துறை எடுத்துக்கொண்ட வழி, ஆபத்தைத் தடுக்கும் பொறுப்பைச் சிறிய, தனியான ஒரு பகுதியிடம் ஒப்படைப்பது. இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு தோல் தொழிற்சாலைக்குள் போனால், ஆளுயரத்தைவிடப் பெரிய ட்ரம் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். எத்தனை நிமிடம் எந்தப் பக்கம் சுழல வேண்டும், எப்போது தண்ணீர், எப்போது ரசாயனம் என்பதையெல்லாம் கட்டுப்படுத்தும் பெட்டி சொல்லும். ஆனால் முறையாக அமைத்த இடத்தில், பக்கத்தில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனின் வயர் அந்தப் பெட்டியின் மென்பொருளிடம் அனுமதி கேட்காது. நேராக மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும். லிஃப்டிலும் அப்படித்தான்: வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவி இயந்திர விசையால் இயங்குவது, எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் கணினிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நல்ல சிரிஞ்ச் பம்புக்குள்ளும் இதே ஏற்பாட்டைக் காணலாம். மோட்டாரை ஓட்டும் சிப் ஒன்று, அதைக் கண்காணிக்கும் சிப் மற்றொன்று. இரண்டாவதற்குத் தனிக் கடிகாரம் இருக்கும். மோட்டார் உண்மையில் எத்தனை சுற்று சுற்றியது என்று தானே எண்ணி, கேட்ட அளவோடு ஒத்துப்போகாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி அலாரம் அடிக்கும். இந்தக் காவல் பகுதியின் நிரல் சில நூறு வரிகளுக்குள் அடங்கினால், அதை நாலு பேர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து வாதிடலாம். திரையையும் மெனுவையும் சேர்த்து லட்சம் வரிகளோடு கலந்துவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். வடிவமைப்பில் உள்ள திறமையில் பெரும்பங்கு எதை எழுதுவது என்பதைவிட எதைக் காவல் பகுதிக்குள் விடாமல் தடுப்பது என்பதில்தான் இருக்கிறது. விற்பனைப் பிரிவினரோடு சண்டை வருவதும் இங்கேதான்.

ஒன்றுக்கு இரண்டாக வைத்துவிட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்ற எண்ணம் இயல்பானது, மின்தடைக்கு இன்வெர்ட்டர் வைத்துப் பழகியவர்களுக்கு இன்னும் இயல்பானது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் கிளம்பி 40 நொடிகளுக்குள் சிதறியபோது, அதில் திசையறியும் கணினி இரண்டு இருந்தன. ஒரு பெரிய எண்ணை 16 பிட் என்ற சிறிய நினைவக இடத்துக்குள் திணிக்கப் பார்த்து ஒன்று நின்றது. அதே நிரலை ஓட்டிய மற்றொன்றும் அதே காரணத்தால் நின்றது. அந்த நிரல் ஏரியான்-4-லிருந்து அப்படியே எடுக்கப்பட்டது, பழைய ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை. இரும்பு தேய்வது போல மென்பொருள் தேய்வதில்லை. அதன் குறை பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது, நகல் எடுத்தால் நகலிலும் இருக்கும். சரி, வெவ்வேறு ஆட்களை வைத்துத் தனித்தனியாக எழுதச் சொன்னால்? ஜான் நைட்டும் நான்சி லெவ்சனும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஒரே கணக்குக்குத் தனித்தனியாக எழுதிய 27 நிரல்களைப் பத்து லட்சம் முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதியும், தற்செயலாக நேரக்கூடியதைவிட மிக அதிகமாக அவை ஒரே இடங்களில் சேர்ந்து தவறின. கடினமான கேள்வியில் வகுப்பே சேர்ந்து தடுமாறுவதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது வியப்பாக இராது.

தவறினால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது அடுத்த முடிவு. ரயில்வே இதில் பழுத்த அனுபவம் உள்ள துறை. காட்பாடி–ஜோலார்பேட்டை மார்க்கத்தில் தண்டவாளம் வழியே மெல்லிய மின்சாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்; அது ஒரு ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) தூக்கிப் பிடித்திருக்கும் வரைதான் பச்சை விழும். வண்டி வந்தால் அச்சு குறுக்கே மின்சாரத்தைக் கடத்திவிடும், ரிலே தன் எடையால் கீழே விழும், சிவப்பு. தண்டவாளம் முறிந்தாலும் சிவப்பு, வயர் அறுந்தாலும் சிவப்பு, கரண்ட் போனாலும் சிவப்பு. இன்டர்லாக் செய்த, அதாவது சிக்னலோடு பிணைத்துப் பூட்டிய கேட்டிலும், கேட் கீப்பர் மூடிப் பூட்டாதவரை வண்டிக்குச் சிக்னல் கிடைக்காது. நமக்குத்தான் பைக்கில் பொறுமை இருப்பதில்லை. ரயிலுக்கு நிற்பது பாதுகாப்பு. ஆனால் பறக்கும் விமானத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான நிலையே கிடையாது, சுவாசக் கருவிக்கும் கிடையாது. என் பெரியம்மாவுக்கு ஏறிய மருந்தைப் பொறுத்தவரை, பம்ப் அதிகமாகச் செலுத்துவதும் ஆபத்து, சட்டென்று நிற்பதும் ஆபத்து. இப்படிப்பட்ட கருவிகளில் காவல் பகுதி நிறுத்துவதோடு கடமை முடிந்ததாக இருக்க முடியாது, காது கேட்கும்படி கூவி ஆளை வரவழைக்கவும் வேண்டும்; அந்த அலாரம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் நாளெல்லாம் அடித்தால், 'கோளாறு 54' போல அதையும் வார்டு பழகிக்கொண்டுவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கருவிக்கு உள்ளே. பெரிய விபத்துகளில் பல, நிரல் எழுதியபடியே சரியாக ஓடியபோது நடந்தவை. 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் தரையிறங்கிய ஏ320 விமானத்தில், தரையைத் தொட்டுவிட்டோம் என்பதை மென்பொருள் சக்கரங்கள் சுழல்வதையும் இரண்டு பக்கக் கால்களும் அமுங்குவதையும் வைத்து அறியும்படி அமைத்திருந்தார்கள், காற்றில் பறக்கும்போது தவறுதலாகப் பிரேக் விழக்கூடாது என்பதற்காக. அன்று மழைநீரின் மேல் சக்கரங்கள் சுழலாமல் வழுக்கின, காற்றினால் ஒரு பக்கம் மட்டுமே அமுங்கியது. விமானம் தரையில் இருந்தது, மென்பொருள் இன்னும் காற்றில் இருப்பதாக நம்பியது. ஏறத்தாழ 9 நொடி தாமதம். ஓடுபாதை தீர்ந்துபோய் விமானம் மண்மேட்டில் மோதி இருவர் இறந்தனர்.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் நடந்த ரயில் விபத்து நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே அடிபட்ட பெங்களூரு–ஹவுரா வண்டி காட்பாடி வழியாகப் போவது. எதிரே சென்னையை நோக்கி வந்த கோரமண்டலும் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஏறும் வண்டிதான். கோரமண்டலுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்திருக்க, வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட் மட்டும் சரக்கு ரயில் நின்ற பக்கத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290 பேருக்கு மேல் இறந்தனர். சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், அன்றைய தினம் 94-ஆம் எண் கேட்டில் நடந்த தடுப்புக்கட்டை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. முரண்பட்ட பாதையில் பச்சை தராதே என்பது இன்டர்லாக்கிங்கின் அடிப்படை விதி. அந்த விதி நிற்பது, பாயிண்ட் எப்பக்கம் இருக்கிறது என்று வயர் கொண்டுவரும் செய்தி உண்மையானது என்ற அனுமானத்தின் மேல். வயரை மாற்றிக் கட்டினால் விதி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டே பொய்யான உலகத்தைக் காவல் காக்கும்.

எனவே இத்தகைய மென்பொருளோடு நிரலைத் தவிர இன்னொன்றும் ஒப்படைக்கப்பட வேண்டும்: இந்தக் கருவி பாதுகாப்பானது என்று சொல்கிறோம், இன்னின்ன அனுமானங்களின் பேரில் சொல்கிறோம், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இது என்று சந்தேகப்படுகிறவரிடம் வாதாடக்கூடிய ஓர் எழுத்து. சில காவல் பகுதிகளுக்கு இந்த வாதத்தைக் கணித நிரூபணமாகவே எழுத முடியும். 1998-ல் ஓடத் தொடங்கிய பாரிஸ் மெட்ரோவின் ஓட்டுநரில்லாத 14-ஆம் தடத்தின் பாதுகாப்பு நிரல் அப்படி நிரூபித்து எழுதப்பட்டது. மருத்துவக் கருவி மென்பொருளுக்கு ஐஇசி 62304, பொதுவான கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு ஐஇசி 61508 என்று தரநிலைகளும் இருக்கின்றன. அவை நல்ல ஒழுங்கைக் கற்றுத்தரும். ஆனால் கோப்பின் தடிமனை வைத்து வாதத்தின் பலத்தை மதிப்பிட்டுவிடக் கூடாது என்பது, அப்படிப்பட்ட கோப்புகளைப் படித்துப் பார்த்த அனுபவத்தில் நான் கொண்ட கருத்து. எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்து இருக்கும், "இந்த உணரி (சென்சார்) பொய் சொன்னால் என்ன ஆகும்?" என்ற கேள்வி எந்தப் பக்கத்திலும் இருக்காது.

அனுமானங்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கருவி வாங்குகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. பல கருவிகளின் கையேட்டில் அறையின் வெப்பம் 40 டிகிரி வரை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே அதைத் தாண்டும், கரண்ட் போய் ஏசி நின்ற வார்டில் என்ன இருக்கும் என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். குடியாத்தத்திலோ ஆரணியிலோ இருபது படுக்கை வைத்திருக்கும் ஒரு மருத்துவர் பம்ப் வாங்கும்போது, விலையையும் சர்வீஸையும் கேட்பதோடு, மோட்டாரை ஓட்டும் சிப் உறைந்துபோனால் அதை நிறுத்துவது எது, பேட்டரி தீர எத்தனை நிமிடம் முன்னால் அலாரம் அடிக்கும், மென்பொருளைப் புதுப்பித்தால் எதையெல்லாம் மறுபடி சோதித்துத் தருவீர்கள் என்று கேட்கலாம். விற்க வந்தவருக்கு அநேகமாகப் பதில் தெரிந்திருக்காது, கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகு ஆர்டர் கொடுக்கலாம்.